ஏழு மைல் நீளக் கடிதாசி

மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போன இடத்தில் ஊர் சுற்றிவிட்டு வந்தேன் என்றால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

2023 அக்டோபரில் என் மகளுக்குக் கார்டிஃப் நகரத்தில் பெண் குழந்தை பிறந்தது. சுக்கு, திப்பிலி, ஓமம், பனங்கற்கண்டு என்று ஒரு பெட்டி நிறைய பத்தியச் சாமான்களோடு போய் இறங்கினேன். நான்கு மாதம் எனக்கு வேலை சரியாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை, உள்ளே குழந்தைத் துணி, அடுப்பில் பூண்டுக் குழம்பு. இதுதான் நான் பார்த்த சீமை!

கார்டிஃப், வேல்ஸ் நாட்டின் தலைநகரம். வேல்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு இளவரசர் பட்டம்தான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டனின் மேற்கு ஓரத்தில், நம் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு பரப்பே உள்ள சின்ன நாடு அது. ஜனத்தொகை முப்பத்தொரு லட்சம். ஆனால் அதற்கென்று ஒரு பாஷை உண்டு. ஆங்கிலம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும், விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றிவரும் பழைய பாஷை. அதிலும் அம்மாவை "மாம்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். குழந்தை எங்கே பிறந்தால் என்ன, முதல் எழுத்து 'ம'தான் போலிருக்கிறது!

அமைதிக்கும் ஆரோக்கியத்துக்கும் ஓர் ஆலயம்

பிப்ரவரி மாதம் ஒருநாள் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தது. "அம்மா, வா, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டு வரலாம்" என்றாள் மகள். நகரத்தின் நடுவே வெள்ளைக் கல் மாளிகைகளாக நிற்கும் ஒரு பூங்கா. அதன் ஓரத்தில் உயரமான தூண்களோடு ஒரு கட்டடம். 'அமைதிக்கும் ஆரோக்கியத்துக்குமான ஆலயம்' என்பது அதன் பெயர். உள்ளே சாமி இல்லை. ஒரு பக்கம், காசநோயை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்துக்கு. மறு பக்கம், யுத்தத்தை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்துக்கு. மனிதனைக் கொல்லும் இரண்டு வியாதிகளுக்கும் ஒரே கூரையின் கீழ் இடம் ஒதுக்கியிருந்தார்கள்.

நிலவறையில் ஒரு பெரிய புத்தகம் இருக்கிறது. முதல் உலக யுத்தத்தில் உயிர் விட்ட 35,000 பேரின் பெயர்கள் அதில். இந்தச் சின்ன நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய எண்ணிக்கை என்று யோசித்துப் பாருங்கள்.

1938 நவம்பர் 23-ந் தேதி இந்த ஆலயத்தைத் திறந்து வைத்தது யார் தெரியுமா? ராஜா இல்லை, மந்திரி இல்லை. டவ்லைஸ் என்ற இரும்பாலை ஊரைச் சேர்ந்த மின்னி ஜேம்ஸ் என்ற தாயார். யுத்தத்தில் மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அந்த அம்மாளின் கையால் கதவைத் திறக்க வேண்டும் என்று தீர்மானித்தவர்களுக்கு நல்ல மனசு. ஆனால் பத்தே மாதத்தில் இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பித்துவிட்டது. அப்போது அந்தத் தாயாருக்கு எப்படி இருந்திருக்கும்?

அங்கே நிற்கும்போது எனக்கு என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

வேலூர் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒரு பிள்ளை பட்டாளத்தில் இருப்பது அந்தப் பக்கத்தில் சகஜம். 1971 டிசம்பர் யுத்தத்தின்போது என் பெரிய அண்ணன் எல்லையில் இருந்தான். நான் ஐந்தாம் வகுப்பு. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ரேஷன் கார்டிலும் கைநாட்டுதான். அண்ணனுக்கு இன்லண்டு கடிதாசி எழுதுவது என் வேலை. விலாசத்தில் ஊர்ப் பெயரே இருக்காது. ராணுவத் தபால் நம்பர் மட்டும்தான். "ஊரே இல்லாத விலாசத்துக்கு எப்படிடி போய்ச் சேரும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

அண்ணன் திரும்பி வந்தான். எதிர் வீட்டு அக்காவின் பிள்ளை வரவில்லை. தந்தி வந்த அன்று ராத்திரி அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "போதும், நிறுத்துங்கன்னு ஒரு கடிதாசி எழுதேன்டி" என்றாள். "யாருக்கும்மா?" என்றேன். அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

இதை மகளிடம் சொன்னேன். நாங்கள் பேசிய பாஷை புரியாவிட்டாலும், என் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து அங்கே இருந்த பெரியவர் ஒருவர் அருகில் வந்தார். மகள் விஷயத்தைச் சொன்னதும் அவர் சொன்னார்: "அப்படியானால் நீங்கள் ஆபரிஸ்ட்வித் போய்விட்டு வர வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்கள் அந்தக் கடிதத்தை எழுதினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதினார்கள். அமெரிக்காவுக்கு எழுதினார்கள்."

மலைப் பாதையில் மூன்று மணி நேரம்

அடுத்த சனிக்கிழமை மாப்பிள்ளை காரை எடுத்தார். "அத்தை, மூணு மணி நேரப் பிரயாணம், தாங்குவீங்களா?" என்றார். குழந்தை தாங்கினால் நான் தாங்க மாட்டேனா? ஃபிளாஸ்கில் வெந்நீர், டப்பாவில் எலுமிச்சைச் சாதம், எனக்கு முழங்காலுக்குத் தைலம். புறப்பட்டுவிட்டோம்.

கார்டிஃபிலிருந்து வடக்கே போனால் பள்ளத்தாக்குகளும் பழைய சுரங்க ஊர்களும். ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள், வரிசை வரிசையாக மலைச் சரிவில் ஏறுகின்றன. "வலது பக்கம் பாருங்க அத்தை, அந்தப் பக்கம்தான் டவ்லைஸ்" என்றார் மாப்பிள்ளை. மின்னி ஜேம்ஸின் ஊர். மழைத் திரையில் கூரைகள் மட்டும் தெரிந்தன.

அதைத் தாண்டினால் மலை, மலை, மலை! மனிதர்களை விட ஆடுகள் அதிகம். ரோட்டு வளைவுகளில் 'அராஃப்' என்று வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கிறது. 'மெதுவாக' என்று அர்த்தமாம். ஒவ்வொரு பலகையிலும் இரண்டு பாஷை.

போகும் வழியில் மாப்பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். வெளிநாடுகளோடு உறவு வைத்துக்கொள்வது லண்டன் சர்க்காரின் பொறுப்பு. வேல்ஸுக்கென்று தூதரகம் கிடையாது. அப்படியிருக்க, இந்த நாட்டுப் பெண்களுக்கு அமெரிக்காவிடம் நேராகப் பேசத் தைரியம் எப்படி வந்தது?

பழைய சொந்தம்தான். 1682-லிருந்தே வேல்ஸின் குவேக்கர் குடும்பங்கள் மத வேற்றுமையால் பட்ட கஷ்டம் தாங்காமல் பென்சில்வேனியாவில் குடியேறினார்கள். பிலடெல்ஃபியா நகரைச் சுற்றி இன்றும் வேல்ஸ் ஊர்ப் பெயர்கள்தான். பெண்கள் கல்லூரிக்குப் பெயர் பெற்ற பிரின் மார் என்ற ஊர், வேல்ஸில் ஒரு பண்ணை வீட்டின் பெயரைத் தாங்கி நிற்கிறது. 'பெரிய குன்று' என்று பொருள். பின்னால் நிலக்கரிச் சுரங்க வேலைக்காக ஆயிரக்கணக்கானவர்கள் ஸ்க்ரான்டன் போன்ற ஊர்களுக்குப் போனார்கள். ஆகையால் கடல் கடந்த அண்ணன், தம்பி, சித்தி, அத்தை என்று பல வீடுகளில் உண்டு. இந்தப் பெண்கள் கதவைத் தட்டியது அந்நியர் வீட்டில் அல்ல.

ஓக் மரப் பெட்டி

ஆபரிஸ்ட்வித் கடற்கரை ஊர். ஊருக்கு மேலே குன்றின் மீது கோட்டை போல நிற்கிறது வேல்ஸ் தேசிய நூலகம். வாசலில் நின்றால் கீழே கூரைகள், அதற்கப்பால் சாம்பல் நிறக் கடல். காற்று என்றால் அப்படி ஒரு காற்று! என் புடவைத் தலைப்பைப் பிடிப்பதா, குழந்தையின் குல்லாயைப் பிடிப்பதா என்று ஆகிவிட்டது.

நான் போன சமயம், நூற்றாண்டை ஒட்டி அந்தப் பெட்டியைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். கனமான ஓக் மரப் பெட்டி. நம் வீட்டில் பாத்திரம் பண்டம் போட்டு வைக்கும் பழைய மரப்பெட்டியைத்தான் நினைத்துக்கொண்டேன். அதற்குள் வைத்து அனுப்பியது 3,90,296 பெண்களின் கையெழுத்து. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டினால் ஏழு மைல் நீளம் வரும் என்று அந்தக் காலத்திலேயே சொன்னார்களாம்.

கதையைக் கேளுங்கள். முதல் யுத்தம் முடிந்ததும், இனி நாடுகள் சண்டை போடாமல் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சர்வதேச சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதற்கு முழுமூச்சாகப் பாடுபட்டவர் அமெரிக்க ஜனாதிபதி உட்ரோ வில்சன். ஆனால் அமெரிக்க செனட் சபை ஒப்புக்கொள்ளவில்லை. சங்கத்தில் அமெரிக்காவே சேரவில்லை! பந்தலைப் போட்டவரே பந்திக்கு வராத மாதிரி.

1923 மே மாதம், இதே ஆபரிஸ்ட்வித்தில் சர்வதேச சங்க ஆதரவாளர்களின் மாநாடு நடந்தது. அங்கே கூடிய பெண்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அமெரிக்க சர்க்காரிடம் கேட்பானேன்? அமெரிக்கப் பெண்களிடம் கேட்போம். அவர்களுக்கு 1920-ல் நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்துவிட்டது. இவர்களுக்கோ 1918-ல் கிடைத்தது அரைகுறை உரிமை. முப்பது வயதானவர்களுக்கு, அதிலும் சில நிபந்தனைகளோடு. ஆண்களுக்குச் சமமான ஓட்டு 1928-ல்தான் வந்தது. அதாவது, கையெழுத்துப் போட்ட பெண்களில் பலருக்கு ஓட்டே கிடையாது. 

அதன் பிறகு ஆரம்பித்தது வீடு வீடாகப் போகிற வேலை. பெரும்பாலான வீடுகளில் டெலிபோன் இல்லை, வாகனம் இல்லை. மலைமேல் ஒற்றைப் பண்ணை வீட்டுக்கும் நடந்தே போயிருக்கிறார்கள். மழை தெரியும்தானே? ஒரு வருஷத்துக்குள் கிட்டத்தட்ட நாலு லட்சம் கையெழுத்து! அன்று வேல்ஸின் ஜனத்தொகை இருபத்தாறு லட்சத்துச் சொச்சம். கைக்குழந்தையிலிருந்து கிழவிவரை எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும், பத்துப் பெண்களில் ஏறக்குறைய மூன்று பேர்.

கண்ணாடிக்குள் இருந்த தாளைக் குனிந்து பார்த்தேன். பெயர், பக்கத்தில் விலாசம். ஒரு தெருவில் அடுத்தடுத்த கதவு எண்கள் வரிசையாக வருகின்றன. ஒரு கையெழுத்து முத்து முத்தாக. அடுத்தது கோணல்மாணலாக, மையைச் சிந்திக்கொண்டு. அடுப்பங்கரையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து போட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. என் பிள்ளைகளின் பள்ளிக்கூட ரிப்போர்ட்டில் 'தகப்பனார் கையெழுத்து' என்று அச்சடித்த இடத்தில் எத்தனை தடவை தயங்கித் தயங்கி என் பெயரைப் போட்டிருக்கிறேன்!

ஆனி என்ற தாயார்

பெட்டியை எடுத்துக்கொண்டு போன குழுவின் தலைவி ஆனி ஹியூஸ் கிரிஃபித்ஸ். அந்த அம்மாளின் கதையும் நம் மனசைத் தொடும். 1898-ல் டாம் எல்லிஸ் என்ற பேர்போன பாராளுமன்ற அங்கத்தினரைக் கல்யாணம் செய்துகொண்டார். ஒரு வருஷம் நிறைவதற்குள், 1899 ஏப்ரலில் கணவர் இறந்துவிட்டார். மகன் பிறந்தது அந்த டிசம்பரில். தகப்பன் முகம் பார்க்காத பிள்ளையைத் தனியாக வளர்த்து ஆளாக்கிய பிறகு, 1916-ல் மறுமணம் செய்துகொண்டார். பொது வேலையை விடவில்லை.

1924 பிப்ரவரியில் ஆனியும் மேரி எல்லிஸ், எலினெட் ப்ரீஸ் முதலான பெண்களும் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பெண்கள் சங்கங்களின் பிரதிநிதிகள் கூடி வரவேற்றார்கள். பிப்ரவரி 21-ந் தேதி வெள்ளை மாளிகையில் ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜைச் சந்தித்தார்கள். பிறகு ரயிலேறி மேற்குக் கரைவரை ஊர் ஊராகக் கூட்டம் பேசினார்கள். ஆனி தினமும் எழுதிய டயரி இதே நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தில் கோபம் இல்லை. கட்சி இல்லை. உங்கள் தேசத்தின் பலத்தை உலக சமாதானத்துக்குக் கொடுங்கள், யுத்தம் இல்லாத உலகத்தை வருங்காலப் பிள்ளைகளுக்கு விட்டுப்போவோம் என்பதுதான் சாரம். பக்கத்து வீட்டு அக்காளிடம் உரிமையோடு கேட்கிற தோரணை.

சரி, பலன்?

இங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. அமெரிக்கா கடைசிவரை அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. பதினைந்து வருஷத்தில் மறுபடியும் யுத்தம். கையெழுத்துப் போட்ட பெண்களின் மடியில் அப்போது தவழ்ந்த பிள்ளைகள் அதற்குப் போனார்கள். பெட்டி வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. காலப்போக்கில் வேல்ஸிலேயே எல்லாரும் மறந்துபோனார்கள்.

"அப்படீன்னா இவ்வளவு பாடும் வீண்தானேம்மா?" என்று மகளிடம் கேட்டேன். அவள் சட்டென்று பதில் சொல்லவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "மீதியையும் படிம்மா" என்றாள்.

மீதி இதுதான். 2014-ல், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேனே, அதே அமைதி ஆலயத்தில் தோல் அட்டை போட்ட ஒரு பழைய ஏடு அகப்பட்டது. பிரித்துப் பார்த்தால், வேல்ஸ் பெண்கள் அமெரிக்கப் பெண்களுக்கு எழுதிய கடிதத்தின் நகல். 'இது என்ன?' என்று துருவ ஆரம்பித்தார்கள். ஸ்மித்சோனியனில் பெட்டி அப்படியே இருந்தது. ஒரு நூற்றாண்டாக அமெரிக்கா அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது. கேட்டபோது மனமுவந்து திருப்பியும் கொடுத்தது. 2023 ஏப்ரலில் பெட்டி ஆபரிஸ்ட்வித் வந்து சேர்ந்தது. தாள்களையெல்லாம் படமெடுத்து, ஒவ்வொரு பெயரையும் விலாசத்தையும் படித்துப் பதிவு செய்யும் வேலைக்குப் பொதுமக்கள் தாமாக முன்வந்தார்கள். இப்போது அங்கே பேத்திகளும் கொள்ளுப் பேத்திகளும் பாட்டியின் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.

எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு நடுவயது அம்மாள், தன் பாட்டியின் தெருப் பெயரைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்கு நான் யார், எனக்கு அவர் யார்? இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

தோசைக்கல்லில் சுட்ட கேக்கும் ஒரு நாணயமும்

கீழே ஊருக்குள் இறங்கி ஒரு டீக்கடையில் ஒதுங்கினோம். வேல்ஸ் கேக் என்று ஒன்று கொடுத்தார்கள். அடுப்புக்குள் வைப்பதில்லை, நம் தோசைக்கல் மாதிரி கனமான இரும்புக் கல்லில் சுட்டு எடுக்கிறார்கள். மைதா, வெண்ணெய், சர்க்கரை, உலர்ந்த திராட்சை, கொஞ்சம் வாசனைப் பொடி போட்டுப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, இரண்டு பக்கமும் சிவக்கவிட்டு, மேலே சர்க்கரை தூவினால் ஆயிற்று. முட்டை சேர்ப்பது வழக்கம். சில இடங்களில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்களாம். சைவக்காரர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது.

பக்கத்து மேஜையில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பாட்டி. குழந்தையைப் பார்த்துச் சிரித்துப் பேச்சுக் கொடுத்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றதும், "எங்கள் பாட்டி காலத்துக் கதை அது. என் காலத்திலும் ஒன்று உண்டு. நானே காசு கொடுத்தேன்" என்றார்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் நகரம். கறுப்பின மக்களின் மாதா கோயில் ஒன்றில் வெறியர்கள் வெடிகுண்டு வைத்தார்கள். ஆராதனைக்குத் தயாராகிக்கொண்டிருந்த நான்கு சிறுமிகள் பலியானார்கள். மூன்று பேருக்குப் பதினான்கு வயசு, ஒருத்திக்குப் பதினொன்று. அன்று காலையில் தலை பின்னி, நல்ல உடுப்பு உடுத்தி அனுப்பிய நான்கு தாய்மார்களை நினைத்துப் பாருங்கள்.

செய்தி கேட்ட வேல்ஸ் கலைஞர் ஜான் பெட்ஸ் மனம் பொறுக்காமல், அந்தக் கோயிலில் உடைந்த ஜன்னலுக்குப் பதில் வண்ணக் கண்ணாடி ஜன்னல் ஒன்று செய்து தருகிறேன் என்றார். 'வெஸ்டர்ன் மெயில்' பத்திரிகை நிதி திரட்டியது. ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்கள்: யாரும் அரை கிரவுன் நாணயத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதாவது, ஒரு பவுனில் எட்டில் ஒரு பங்கு. யாரோ ஒரு பணக்காரர் செக்கை எழுதிக் கொடுத்துவிட்டால், அது அவர் ஜன்னலாகிவிடும். நாட்டு ஜனங்கள் எல்லாருடைய ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று எண்ணினார்கள்.

"எனக்கு அப்போது ஒன்பது வயது. மிட்டாய்க்கு வைத்திருந்த காசைக் கொடுத்தேன். அரை கிரவுன்கூட இல்லை, சில பென்னிகள்தான்" என்றார் பாட்டி. "அந்த ஜன்னலை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அதில் ஒரு துண்டுக் கண்ணாடி என்னுடையது."

1965-ல் ஜன்னல் பொருத்தப்பட்டது. கறுப்பு நிற ஏசு இரு கைகளையும் விரித்து நிற்கிறார். ஒரு கை அநியாயத்தைத் தள்ளுகிறது, மறு கை மன்னிக்கிறது. அடியில், வேல்ஸ் மக்கள் அளித்தது என்று எழுதியிருக்கிறது. அந்தக் கோயிலில் அது இன்றும் இருக்கிறது.

எப்போதும் கொஞ்சிக் குலாவிய உறவு என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் கிரீன்ஹாம் காமன் என்ற விமானத் தளத்தில் அமெரிக்க அணு ஏவுகணைகளை வைக்கப் போகிறார்கள் என்றதும், 1981-ல் 36 பெண்கள் குழந்தை குட்டிகளோடு கார்டிஃபிலிருந்து அங்கேயே நடந்து போனார்கள். வாசலிலேயே முகாம் போட்டுவிட்டார்கள். கடைசி ஏவுகணை 1991-ல் வெளியேறியது. அக்காள் என்றால் கொஞ்சவும் வேண்டும், தப்பு என்றால் முகத்துக்கு நேரே சொல்லவும் வேண்டும் அல்லவா?

போகிறவர்களுக்கு

மகனோ மகளோ பிரிட்டனில் இருந்து, நீங்களும் அங்கே போகிறவர்களானால், லண்டனோடு திரும்பிவிடாதீர்கள். கார்டிஃப் அமைதி ஆலயத்தையும் ஆபரிஸ்ட்வித் நூலகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். பெட்டி காட்சியில் இருக்கிறதா என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது உத்தமம். குடையை நம்பாதீர்கள், காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடும். தலையை மூடும் மழைக்கோட்டே நல்லது. புடவைக்கு உள்ளே கம்பளிக் காலுறை அவசியம். மலைப் பாதை வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் இஞ்சி மிட்டாய் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். 'தியோல்ஹ்' என்றால் நன்றி. தப்பும் தவறுமாகச் சொன்னாலும் முகம் மலர்ந்துவிடுகிறது அவர்களுக்கு.

விலாசம்

சாயங்காலம் கடற்கரையோரம் நடந்தோம். பாதையின் கோடியில் ஒரு கம்பித் தடுப்பு இருக்கிறது. அங்கே போகிறவர்கள் அதைக் காலால் ஓர் உதை விட்டுத் திரும்புவது அந்த ஊர் வழக்கமாம். காரணம் யாருக்கும் தெரியாது. முழங்கால் வலியையும் மறந்து நானும் ஒரு தட்டுத் தட்டினேன். மாப்பிள்ளைக்கு ஒரே சிரிப்பு.

எதிரே கடல். அதற்கு அப்பால் அயர்லாந்து, அதையும் தாண்டினால் அமெரிக்கா. அந்தப் பெண்கள் இந்தக் கடலைப் பார்த்துக்கொண்டுதானே யோசித்திருப்பார்கள் என்று நினைத்தேன். கேட்டது கிடைக்கவில்லை, வாஸ்தவம். ஆனாலும் என் அம்மாவுக்குத் தெரியாமல் போனது அவர்களுக்குத் தெரிந்திருந்தது: கடிதத்தை யாருக்கு எழுத வேண்டும் என்பது. ராஜாவுக்கு இல்லை, சேனாதிபதிக்கு இல்லை. அக்கரையில், அடுப்படியில் நிற்கிற இன்னொரு தாய்க்கு. யுத்தத்தை அது நிறுத்தவில்லை. ஆனால் அவள் அங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டார்கள். நாற்பது வருஷம் கழித்து அவள் பெண்ணுக்கு ஒரு கொடுமை நேர்ந்தபோது, காசு சேர்த்து ஜன்னல் செய்து அனுப்பியதும் அதே மனசுதான்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நூலகத்தை விட்டு வெளியே வரும்போது, வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு புத்தகம் வைத்திருந்தார்கள். தமிழில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே என் அம்மாவின் பெயரையும் எழுதி, வேலூர் ஜில்லா விலாசத்தையும் எழுதினேன். மகள் எட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பேனாவை வாங்கித் தன் பெயரைப் போட்டு, குழந்தையின் பெயரையும் எழுதினாள்.

நான்கு தலைமுறை. ஒரே பக்கம்.